காட்டில் உட்கார ஓர் உடை: மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகும் பெண்களுக்கு முழுமையான வழிகாட்டி

மலையேற்ற உடை என்று கடையில் கேட்டால் நடப்பதற்கான உடையைத்தான் எடுத்துப் போடுவார்கள். வியர்வை சீக்கிரம் காயும், கனம் இருக்காது, கால் தாராளமாக மடங்கும். எல்லாம் சரிதான். ஆனால் நடந்துகொண்டிருக்கும்வரை கண்ணில் படுவது முன்னால் போகிறவரின் முதுகும் காலடியில் கிடக்கும் வேரும்தான். கருமந்தி கிளை விட்டுக் கிளை தாவுவதும், மலையணில் ஒரு பழத்தைத் திருப்பித் திருப்பிக் கொறிப்பதும் ஓரிடத்தில் அசையாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தவருக்குத்தான் கிடைக்கும். அந்த அரை மணி நேரத்தில்தான் வியர்த்த துணி முதுகில் சில்லென்று ஒட்டும், பிரா கொக்கி உறுத்தும், தரையின் ஈரம் பேண்டில் ஏறும். எப்போது கிளம்புவோம் என்று மனசு நச்சரிக்க ஆரம்பித்துவிடும்.

அதனால் இந்த வழிகாட்டியை உட்காருவதை மனதில் வைத்தே எழுதுகிறேன். தமிழ்நாட்டு மலைகளில் காலையில் போய் மாலையில் திரும்பும் நடைக்கு இது போதும். இமயமலைக்குப் போகிறவர்களுக்குப் போதாது.

முதல் படி: இடமும் மாதமும்

எந்த மலை, எந்த மாதம் என்று தெரியாமல் துணி வாங்கப் போகாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர வித்தியாசம். அதாவது பன்னிரண்டு டிகிரி. கீழே பஸ் ஏறும்போது போட்டிருக்கும் உடை மேலே இறங்கும்போது உதவாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் விடியற்காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வால்பாறைப் பக்கத்தை ஊறவைத்துவிடும். அதே மாதங்களில் மழைமறைவில் இருக்கும் தேனிப் பக்கத்து அடிவாரம் காய்ந்து கிடக்கும்.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் பெண்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்ற விதிகள் இறுகின. இப்போது வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது அது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். முதல் தடவை என்றால் எளிதையே எடுங்கள். கடினமான பாதையில் உட்கார நேரம் கிடைக்காது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை காட்டுத்தீக் காலம் என்று பொதுவாக மூடிவைப்பார்கள்.

இரண்டாவது படி: தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போக வாய்த்தால் போங்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கை ஆண் சட்டை போட்டிருப்பார்கள். செடி கையைக் கீறாது, வெயிலும் சுடாது. இடுப்பைச் சுற்றி முழங்காலுக்குக் கீழே வரை கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டோ சாக்கோ தார்ப்பாயோ கட்டியிருப்பார்கள். காலையில் பனியில் நனைந்த செடிகளுக்கு நடுவே நடந்தால் இடுப்புக்குக் கீழே முழுக்க ஈரமாகிவிடும். அதற்குத்தான் இந்தக் கட்டு. தலையில் துணி, காலில் ரப்பர் பூட்ஸ். வெளிவேலைக்கான உடை வேறென்ன? முழுக்கை, நீரை மறிக்கும் ஒரு அடுக்கு, தலைமறைப்பு, நனையாத கால். பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பதும் இந்த நாலைத்தான்.

சேலையில் மலை ஏற முடியாது என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. இருளர் பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முள்காட்டில் பாம்பு பிடிக்கிறவர்கள். ஆனால் அது ஆயுள் முழுக்கப் பழகிய உடம்பு. வாரம் ஐந்து நாள் அலுவலக நாற்காலியில் உட்காரும் நாம் பேண்டுக்கு மாறிவிடுவதே நல்லது.

தேயிலைத் தோட்டத்திலிருந்து நாம் உடனே எடுத்துக்கொள்ளக்கூடியது அந்த ஆண் சட்டைதான். வீட்டில் அண்ணனோ அப்பாவோ கழித்துப் போட்ட மெல்லிய முழுக்கைச் சட்டை இருக்கும். அதை டீ-ஷர்ட்டுக்கு மேலே பட்டன் திறந்து போட்டுக்கொள்ளுங்கள். மார்பில் ஒரு பாக்கெட்டும் கிடைக்கும். பெண்கள் உடை தைக்கிறவர்களுக்குப் பாக்கெட் மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

மூன்றாவது படி: உள்ளாடை

பெரும்பாலான வழிகாட்டிகள் ஷூவில் ஆரம்பிக்கும். உள்ளாடையில் ஆரம்பிப்பதே சரி என்பது என் எண்ணம். ஏனென்றால் வழியில் மாற்றவே முடியாதது அதுதான்.

முதுகில் பையை மாட்டிப் பாருங்கள். பையின் வார் தோளில் எங்கே உட்காருகிறதோ, கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் சாதாரண பிராவின் சின்ன வளையமும் இருக்கும். இரண்டு மணி நேர நடையில் அந்த வளையம் தோளில் பதிந்து சிவந்த தடமாகிவிடும். முதுகுக் கொக்கியும் அப்படித்தான். கொக்கி, கம்பி, வளையம் எதுவும் இல்லாமல் தலைவழியாகப் போடும் ஸ்போர்ட்ஸ் பிரா வாங்குங்கள். ஓடுவதற்கென்று விற்கும் மிக இறுக்கமான ரகம் வேண்டாம்; ஏற்றத்தில் மூச்சு முழுசாக இழுக்க முடியாது. போட்டுக்கொண்டு மாடிப்படி வேகமாக ஏறிப் பாருங்கள், அங்கேயே தெரிந்துவிடும்.

பருத்தி உள்ளாடை நாள்தோறும் நல்லது, மலையில் அல்ல. நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உட்கார்ந்ததும் அந்த ஈரம்தான் குளிராக மாறும். நைலான் அல்லது பாலியஸ்டர் கலந்த, தையல் விளிம்பு தடிப்பில்லாத உள்ளாடை போடுங்கள். அந்தரங்கப் பகுதியில் படும் உட்துணி மட்டும் பருத்தியாக இருந்தால் உத்தமம். பையில் ஒரு மாற்று உள்ளாடை கட்டாயம்.

தொடை உரசிப் புண்ணாவதைப் பற்றிப் பெண்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஒல்லியானவர்களுக்கும் வரும், ஈரமும் உப்பும் சேர்ந்து தேய்ப்பதுதான் காரணம். பேண்டுக்குள்ளே முழங்காலுக்கு மேல் நிற்கும் சைக்கிளிங் ஷார்ட்ஸ் போட்டால் பிரச்சினை பாதி தீர்ந்தது. கிளம்புவதற்கு முன் தொடையின் உட்பக்கத்திலும் பிராவின் கீழ்ப்பட்டி படும் இடத்திலும் வாசலின் தடவினால் மீதியும் தீர்ந்தது.

நாலாவது படி: மேலாடையும் பேண்டும்

துணியைத் தேர்ந்தெடுக்க லேபிளைவிட நல்ல வழி உண்டு. வாங்க நினைக்கும் ரகத்தில் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், அதையும் ஒரு பருத்தி டீ-ஷர்ட்டையும் நனைத்துப் பிழிந்து ஃபேனுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பருத்தி இன்னும் கனமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மற்றது காய்ந்துவிட்டால் அதுதான் உங்களுக்கு வேண்டியது. விலை அதிகம் இருக்க வேண்டும் என்பதில்லை. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய டீ-ஷர்ட்டுகள் மலிவாகக் கிடைக்கும். டெக்கத்லானிலும் குறைந்த விலையில் உண்டு. ஒன்று மட்டும்: நைலானும் பாலியஸ்டரும் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். தங்குமிடத்தில் அடுப்புப் பக்கம் நிற்கும்போது பருத்திக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பேண்ட் விஷயத்தில் லெக்கிங்ஸுக்கு நான் எதிர்க்கட்சி. நடக்க சுகம்தான். ஆனால் உண்ணிச்செடி முள் நேராகத் தோலில் ஏறும், கொசு அதன் வழியாகவே கடிக்கும், ஈரப் பாறையில் உட்கார்ந்தால் அப்படியே உறிஞ்சும். கொஞ்சம் தளர்ந்த, சரசரக்காத, அடர்ந்து நெய்த டிராக் பேண்ட் போதும். இடுப்பில் நாடா இருக்கட்டும். போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். முழங்காலில் இழுத்தாலோ பின்னால் இறங்கினாலோ வேண்டாம்.

துணியின் சத்தத்தைக் கவனிக்கச் சொல்வார் யாருமில்லை. கடையில் கையை மடக்கி நீட்டி, துணியைக் காதுக்குப் பக்கத்தில் கசக்கிப் பாருங்கள். சில மலிவு ஜாக்கெட்டுகள் மிக்சர் பாக்கெட் மாதிரி சத்தம் போடும். பறவை பறந்துவிடும், உங்கள் காதிலும் வேறெதுவும் விழாது. நிறத்தைப் பொறுத்தவரை இலைப்பச்சை, மண், சாம்பல் போல மங்கலாக எதுவும் சரி.

டீ-ஷர்ட்டுக்கு மேல் முழங்கால்வரை வரும், பக்கவாட்டில் வெட்டு வைத்த குர்த்தி போடுவது பலருக்குப் பழக்கம். கிராமத்து பஸ்ஸில் போகும்போது நாலு பேர் உற்றுப் பார்ப்பதும் குறையும், ஒதுங்கும்போது மறைப்பாகவும் இருக்கும். அதை விடாதீர்கள். துப்பட்டாவை மட்டும் பைக்குள் வையுங்கள். கழுத்தில் கிடந்தால் முள் முள்ளாக மாட்டிக்கொண்டே வரும்.

ஐந்தாவது படி: கால்

மொத்தப் பணத்தில் பாதியை இங்கே செலவழித்தாலும் தப்பில்லை. கால் லேசாக வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், போடப்போகிற அதே சாக்ஸோடு கடைக்குப் போங்கள். விரல் நுனிக்கும் ஷூ முனைக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஏற்றத்தில் தெரியாத இறுக்கம் இறக்கத்தில் பெருவிரல் நகத்தைக் கறுக்கவைத்துவிடும். கிளம்புவதற்கு முந்தைய நாள் நகம் வெட்டுங்கள். புது ஷூவைச் சில வாரம் காய்கறிக் கடைக்கும் மாடிப்படிக்கும் போட்டுப் பழக்குங்கள். அடிப்பாகத்தில் ஆழமான பள்ளம் பள்ளமாக இருக்க வேண்டும். வழவழப்பான விளையாட்டு ஷூ பாசி பிடித்த கல்லில் நிற்காது.

மெட்டி போட்டிருப்பவர்கள் கழற்றிவிட்டுப் போவது நல்லது. கழற்ற விருப்பமில்லை என்றால் அதைச் சுற்றி மருந்துக்கடை பேப்பர் டேப்பை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து விரலில் மெட்டியின் அளவிலேயே கொப்புளம் வரும்.

ஆறாவது படி: அட்டை

மழைக்காலத்தில் வால்பாறை, மாஞ்சோலை என்றாலே எல்லாரும் கேட்பது இதைத்தான். அட்டை சருகிலும் புல்நுனியிலும் காத்திருக்கும். நிலத்தின் அதிர்வையும் உடல் சூட்டையும் உணர்ந்து, ஷூவில் ஏறி, சாக்ஸ் தையலுக்குள் நுழையும். கடிக்கும்போது தெரியாது. அதன் உமிழ்நீரில் இருக்கும் ஹிருடின் போன்ற பொருள் இரத்தத்தை உறையவிடாது. அதனால்தான் அது விழுந்த பிறகும் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரிய ஆபத்தில்லை.

லீச் சாக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். அடர்ந்து நெய்த துணியில் முழங்கால்வரை தைத்து, மேலே நாடா வைத்த உறை அது. சாதாரண சாக்ஸுக்கு மேல், ஷூவுக்குள்ளே போட வேண்டும். பேண்டின் காலை அதற்குள் திணித்து நாடாவை முடியுங்கள். டீ-ஷர்ட்டைப் பேண்டுக்குள் விடுங்கள். அழகாக இருக்காது, பரவாயில்லை. லீச் சாக்ஸின் வெளிப்பக்கம் உப்பைத் தேய்ப்பதும் புகையிலை ஊறிய தண்ணீரில் அதை நனைத்துக் காயவைப்பதும் தோட்டத்துப் பழைய வழக்கம். நன்றாகவே வேலை செய்யும், மழை கழுவிவிடும்வரை.

ஒட்டிவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். மெல்லிய முனைதான் வாய். அந்த இடத்தில் நகத்தைப் பக்கவாட்டில் நுழைத்து நெம்பினால் விட்டுவிடும். கழுவி, துணியால் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். ஓய்வெடுக்கும் இடத்தில் தோழியிடம் சொல்லிக் கழுத்தின் பின்புறத்தையும் இடுப்புப் பட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். பிராவின் கீழ்ப்பட்டியும் அதற்குப் பிடித்த இடம்.

ஏழாவது படி: ஒதுங்குவதும் மாதவிடாயும்

காட்டில் பெண்களை அதிகம் வாட்டுவது தண்ணீர் குடிக்காமல் இருப்பது. எங்கே ஒதுங்குவது என்ற பயத்தில் காலையிலிருந்து வாயை நனைப்பதில்லை. மதியம் தலைவலி, கால் பிடிப்பு. திரும்பி வந்து சிறுநீர்த் தொற்று. உட்கார்ந்து காட்டைப் பார்க்கும் நிலையிலா இருப்பார்கள்? புறப்படும்போதே குழுவில் இருக்கும் பெண்கள் இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். வழிகாட்டியிடமும் சொல்லிவிடுங்கள், எந்த வளைவில் ஒதுங்கலாம், எந்தப் புதரில் கூடாது என்று அவருக்குத்தான் தெரியும். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் முதுகைக் காட்டிக் காவல் நிற்கட்டும். யானை நடமாடும் காட்டில் கூச்சத்தால் வெகுதூரம் உள்ளே போவதுதான் ஆபத்து. ஓடையிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளியே இருக்க வேண்டும்.

நீளமான குர்த்தி இங்கேதான் கைகொடுக்கும். நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் சிலிக்கான் புனல்கள் இப்போது கிடைக்கின்றன. வாங்கினால் வீட்டுக் குளியலறையில் பழகிவிட்டுப் போங்கள். அட்டை உள்ள புல்லில் குந்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

மாதவிடாய் நாளில் போகலாமா என்றால், உடம்பு ஒத்துழைத்தால் போகலாம். மாதவிடாய்க் கப் பழகியவர்களுக்குச் சிரமமே இல்லை; கிளம்பும் முன் போட்டால் பெரும்பாலும் திரும்பிவந்து மாற்றினால் போதும். அன்றைக்கே முதன்முதலாகப் போட்டுப் பார்க்காதீர்கள். நாப்கின் என்றால் பழைய செய்தித்தாள், ஜிப் வைத்த இரண்டு கவர், சோப்புத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். உபயோகித்ததைத் தாளில் சுற்றிக் கவருக்குள் போட்டு ஊருக்கே கொண்டுவந்துவிட வேண்டும். புதைத்தால் காட்டுப்பன்றி தோண்டிவிடும், மக்கவும் மக்காது. அந்த நாளில் கறுப்பு பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள், மனசு அதையே நினைத்துக்கொண்டிருக்காது.

எட்டாவது படி: குளிரும் மழையும்

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் முதல் ஏற்றத்திலேயே ஸ்வெட்டருக்குள் வியர்த்து, அப்புறம் நாள் முழுக்க ஈரத்தோடுதான் இருப்பீர்கள். ஸ்வெட்டரையோ ஃப்ளீஸையோ பையின் மேலேயே வையுங்கள். நின்றதும், குளிர் தெரிவதற்கு முன்னாலேயே எடுத்துப் போட வேண்டும். உட்காரும் உடையின் சூட்சுமம் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. நன்றாக நனைந்துவிட்டால் மரத்துக்குப் பின்னால் போய்க் காய்ந்த டீ-ஷர்ட்டுக்கு மாறிவிட்டு அதற்கு மேல் போடுங்கள்.

மழைக்கு ஜாக்கெட்டா, தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் தொளதொள மழை அங்கியான பாஞ்சோவா? பாஞ்சோ பையையும் மூடும், உள்ளே காற்று புழங்கும், உடை மாற்ற மறைப்பாகவும் ஆகும். ஆனால் குனிந்தால் கால் தெரியாது, புல்மேட்டுக் காற்றில் அடங்காது. சோலைக்குள் பாஞ்சோ, திறந்த மேட்டில் ஜாக்கெட் என்பது என் கணக்கு. காற்றில்லாத மழையில் சாதாரணக் குடையை மிஞ்சியது எதுவும் இல்லை. குடைக்குக் கீழே உட்கார்ந்து மழைக்காட்டைப் பார்க்கலாம்; தொப்பி வைத்த ஜாக்கெட்டுக்குள் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஒன்பதாவது படி: கழற்றி வைக்க வேண்டியவை

கொலுசு, கண்ணாடி வளையல், தொங்கட்டான் வீட்டில் இருக்கட்டும். தாலிச் சங்கிலியை உள்ளே விட்டு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். தலையை இறுக்கிப் பின்னுங்கள். மல்லிகைப்பூ, சென்ட், வாசனை எண்ணெய் கூடவே கூடாது. பாறையில் கூடு கட்டும் மலைத்தேனீயைச் சீண்டிவிட அது போதும்.

பத்தாவது படி: உட்காருதல்

இடத்தை வழிகாட்டிதான் காட்ட வேண்டும். ஈரம் காயாத யானை லத்தி, புதிதாக முறிந்த மூங்கில் தெரிந்தால் அங்கே உட்காரும் பேச்சே இல்லை. சரி, இடம் கிடைத்துவிட்டது. ஒரு சாண் அகலத்துக்காவது தடித்த ஃபோம் ஷீட் வெட்டிக் கொண்டுவந்திருந்தால் அதைப் போடுங்கள். யோகா பாயின் ஒரு துண்டு போதும். ஈரத்தைவிட, தரை உடம்புச் சூட்டை இழுப்பதை அது தடுக்கும். ஸ்வெட்டர் போட்டாயிற்று, தண்ணீர் குடித்தாயிற்று, போன் பைக்குள் போயிற்று. மரத்தில் முதுகைச் சாய்ப்பதற்கு முன் எறும்பு வரிசை இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் பத்து நிமிடம் காடு உங்களைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கும். தவிட்டுக்குருவிகள் கத்தும், மலையணில் மேலே இருந்து அதட்டும். அது அடங்கியதும் ஒவ்வொன்றாக அதனதன் வேலைக்குத் திரும்பும். அதற்குள் எதையாவது பார்த்தாக வேண்டும் என்று தேடாதீர்கள். காலுக்கு முன்னால் ஒரு சதுர அடிச் சருகை மட்டும் பாருங்கள். மேல் சருகு காய்ந்திருக்கும், அதற்கடியில் இருப்பது நரம்பு மட்டும் மிஞ்சிய வலை, அதற்கும் கீழே வெள்ளை நூலாகப் பூஞ்சை, பிறகு கறுப்பு மண். மரவட்டை ஒன்று அந்த அடுக்குகளுக்குள் போய் வேறெங்கோ வெளியே வரும். மழைநீரைச் சோலை பிடித்துவைத்து ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதில் இந்த அடுக்குக்கும் பங்கு உண்டு. கோவைக்காரர் என்றால் குழாயில் வரும் சிறுவாணியும் பில்லூரும் இப்படிப்பட்ட மலைகளிலிருந்து இறங்கிய தண்ணீர்தான்.

பிறகு கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். பக்கத்தில் கேட்பது, தூரத்தில் கேட்பது, நின்றுபோனது. வால்பாறையில் அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சி பறப்பது காணும் முன்பே காதில் விழும். அந்தப் பெரிய சிறகு காற்றை அறுக்கும் ஓசை இலைக்கூரைக்கு மேலே கடந்து போகும். பெயர் தெரியாத பறவைகளுக்கு நோட்டில் நீங்களே ஒரு பெயர் எழுதிவையுங்கள், சரியான பெயரை வீட்டில் தேடிக்கொள்ளலாம்.

மலைக்குப் போக முடியாத வாரங்களில் இதையே கிண்டி தேசியப் பூங்காவின் ஓரத்திலோ, நவம்பருக்குப் பிறகு வேடந்தாங்கல் கரையிலோ செய்யலாம். மொட்டைமாடியில் வேப்பமரம் எட்டினால் அதுவும் சரி. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது புதுப்புது மலைகளைத் தேடி ஓடுவதைவிட அதிகம் கற்றுத்தரும்.

திரும்பிய பிறகு

சீக்கிரம் காயும் துணிகளைச் சாதாரண சோப்பில் அலசினால் போதும். கம்ஃபர்ட் மாதிரியான மென்மையாக்கி போட்டால் வியர்வையை வெளியேற்றும் தன்மை மங்கிவிடும். ஷூவின் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். வெயிலில் போட்டால் பசை விட்டுவிடும். மழை ஜாக்கெட்டை ஈரத்தோடு மடித்து வைத்தால் அடுத்த தடவை பூஞ்சை நாற்றம்தான். குளிக்கும்போது முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். லீச் சாக்ஸை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வாசலிலேயே உள்வெளியாகத் திருப்பி உதறுங்கள். தையல் மடிப்புக்குள் ஓர் அட்டை உயிரோடு உட்கார்ந்து கூடவே பஸ் ஏறி வந்திருக்கக்கூடும்.